சாண்டியாகோவுக்குச் சாம்பார்ப் பொடி

மந்தைவெளி மாவு மில்லில் எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். மெஷின் இரைச்சலில் அவர்கள் கத்திப் பேசியது வரிசைக்கே கேட்டது.

"சாண்டியாகோ போய் இறங்கினதும், பாதிப் பொடிய பொகோட்டால அண்ணாகிட்ட குடுத்துட்டு வந்துடு."

"பிளைட்லயே ஆறு மணி நேரம்மா. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல."

"ரெண்டும் தென் அமெரிக்காதானே? அண்ணா பக்கத்துல இருந்து பாத்துப்பான்னுதானே அப்பா உன்னை வேலைக்கு அனுப்பவே சம்மதிச்சார்?"

"அவன் பாத்துக்க வேண்டாம்னுதான் அந்த ஊரை எடுத்துண்டேன். டிக்கெட் போட்டாச்சு. யார் சொன்னாலும் போகத்தான் போறேன்."

மெஷின் நின்றது. அம்மா சூடான பொடியை டப்பாவில் வாங்கி மூடியை அழுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்ப முழுசையும் நீயே வெச்சுக்கோ. அப்பா கேட்டா, பக்கத்து ஊர்தான்னு நான் சொல்லிக்கறேன்."