துண்டிக்கவில்லை, மெதுவாக்கினேன்

இந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. எங்கள் ஆபீஸில் இதுகூடக் கிடையாது.

இணைய நிறுவனத்தில் பதினான்கு வருடமாக வேலை. அளவுக்கு மேல் டேட்டா இழுக்கும் வாடிக்கையாளர்களின் வேகத்தைக் குறைப்பது என் பொறுப்பு. லைனைத் துண்டிக்க மாட்டோம். துண்டித்தால் உடனே போன் போட்டுக் கத்துவார்கள். மெதுவாக்கினால், பாவம், மோடத்தை அணைத்துப் போடுவார்கள், நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்துவார்கள், கடைசியில் தங்கள் போனையே திட்டிக்கொள்வார்கள். எங்கள் மேல் சந்தேகமே வராது.

அம்மாவும் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னார். நான்தான் நகர்த்திக் கொடுத்தேன்.

தம்பி வெளிநாட்டில் டாக்டர். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோவில் வருவான். நாலரைக்கே அம்மா தலை வாரி, பவுடர் போட்டு உட்கார்ந்துவிடுவார். குளிப்பாட்டுவது நான், மாத்திரை கொடுப்பது நான். எனக்காக ஒரு நாள்கூட அவர் தலை வாரிக்கொண்டதில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அதனால் காலை ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது எங்கள் வீட்டு லைனையும் குறைத்துவிட்டு வருவேன். தம்பியின் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

"என்னடா, பேசிட்டே இருந்தவன் அப்படியே நின்னுட்டான்?"

"உன் செல்லப் பிள்ளைக்கு வேலை ஜாஸ்திம்மா. விடு."

அரை மணி நேரப் பேச்சு பத்து நிமிடமானது, பிறகு நாலு. அம்மா என்னோடு அதிகம் பேச ஆரம்பித்தார். அந்த ஏழு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா சீப்பை இரண்டு முறை கீழே போட்டார். மூன்றாம் முறை நானே வாரிவிட்டேன். ஐந்து மணிக்குத் தம்பி வந்தான்.

"அண்ணா, அம்மாவுக்கு வாய் ஒரு பக்கமா கோணுது. பேச்சும் குழறுது. நிஜமாவே அப்படி இருக்கா, இல்ல படம்தான் அப்படித் தெரியுதா?"

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம், நல்ல வெளிச்சம். வாய் கோணித்தான் இருந்தது. எச்சில் வழிந்தது. துண்டால் துடைத்தேன்.

"நெட்டு ஸ்லோடா," என்றேன். "எப்பவும் இப்படித்தானே."

"இந்த நெட்ட வச்சுக்கிட்டு... சரிண்ணா, நாளைக்குக் கூப்பிடறேன். அம்மாவப் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் காப்பாற்றியது அவன் என்று ஆகியிருக்கும். அம்மாவைப் படுக்கவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழே முக்காலுக்கு மூச்சு நிற்கும் வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் தேடவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அந்த வாயைப் பார்த்தேன், தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். ஆனால் அம்மாவையும் தம்பியையும் பிரித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் கணினிப் பதிவைப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட லைன் துண்டிக்கப்படவில்லை.