மாப்பிள்ளைக்கு எடுத்த கோட்டுத் துணி

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஒத்தை ஆளாக மூன்று ஜவுளிக்கடை போட்டவன். துணியைப் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்லிவிடுவேன். மார்கழிக் காலையில் மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் போட்டிருந்த கருநீல முழுக்கைச் சட்டை உயர்ந்த ரகக் கோட்டுத் துணி. பக்கத்தில் அவளுடைய அத்தை.

"நின்னுபோன கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு எடுத்த துணிதானடி இது?"

"ஆமாங்கத்தை. ஆறு வருசமா பீரோ அடித்தட்டுல கெடந்துச்சு. கம்பெனிக்குப் போற குளுருக்கு நானே தெச்சுக்கிட்டேன்."

"அடுத்த மாப்பிள்ளைக்கு ஆகும்னு உங்கம்மா பொத்திப் பொத்தி வெச்சிருந்தாளே! சொல்லாமயா வெட்டுன?"

"சொல்லிட்டுத்தான். 'இனிமே எவனுக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டேம்மா'ன்னு சொல்லிட்டுத்தான் கத்திரியவே எடுத்தேன்."

"அழுதாளா?"

"அழுவல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருச்சு. மறுநாள் காத்தால வந்து காலரத் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு."

"என்னதான்டி சொன்னா?"

"'பேண்டுக்குன்னு எடுத்தது மிச்சம் இருக்குதில்ல, எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடுடி'ன்னுச்சுங்க."