பூஜ்யம், சரி

கட்டுரையில் என் பெயரை முதலில் போடுங்கள் என்று கேட்டேன். எங்கள் ஆய்வகத்தில் அதை வாய்விட்டுக் கேட்கவே கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்தார்கள். யார் பெயர் எங்கே வரும் என்பது பேராசிரியர் முனகதாவின் முடிவு. அவர் கோபப்படவில்லை. தேநீரை ஊதிக்கொண்டே, "பாக்கலாம், குகா-சான்" என்றார். எங்கள் கிட்டாக்யூஷு நகரத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும், பெரியவர் ஒருவர் "பாக்கலாம்" என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

வாயுவை அளக்கும் அந்தக் கருவியைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உலைச் சூட்டில் சாதாரணக் கருவி எதுவும் நிற்காது. அதனால் பீங்கான் குழாய் வைக்கிறோம். குழாய்க்குள் சுத்தமான காற்று, வெளியே நச்சுவாயு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மின்னழுத்தமாகத் திரையில் வரும். வித்தியாசம் இல்லை என்றால் பூஜ்யம். இரண்டும் கலந்துவிடாமல் குழாயின் வாயைக் கண்ணாடியால் அடைக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் கண்ணாடியை உருக்கிக் கண்டுபிடித்தது நான். கட்டுரையில் முதல் பெயர் என் சீனியர் அரிமுராவுடையது. அவருடைய அப்பாவும் பேராசிரியர். என் அப்பா உருக்காலையில் கசடு லாரி ஓட்டுகிறார்.

செவ்வாய்க்கிழமை காலை குழாயை மாட்டும்போது கண்ணாடியில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அதன் வழியே வாயு மெல்ல உள்ளேயும் ஊறிவிடும். இரு பக்கமும் ஒரே வாயு என்றால் கருவிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது; வெளியே நச்சு இருந்தாலும் பூஜ்யம்தான். மாற்றுக் குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

மதியம் அரிமுரா வாயுவை மூடிவிட்டு, உலை அறையைக் காற்றால் அலசத் தொடங்கினார். நேரம் பிடிக்கிற வேலை. அன்று திரையில் எண் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது.

"என்ன, அதுக்குள்ளயா? உன் கண்ணாடிக்கும் பசி வந்துடுச்சு போல" என்று சிரித்தார்.

"உங்க கண்ணாடி. கட்டுரையில அப்படித்தானே இருக்கு?"

"இன்னும் அதையே பிடிச்சிட்டு இருக்கியா? சாப்பிட்டுட்டு முனகதா சென்செய்கிட்ட நானே பேசறேன், குகா. நிஜமா. எனக்கே உறுத்துது."

இதை அவர் சொன்னார், மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கும் சாப்பாடு முடிய வேண்டியிருந்தது, பாருங்கள்.

"பாக்கலாம்" என்றேன்.

எங்களிடம் ஒரு முறை உண்டு. ரயில் ஓட்டுபவர்கள் செய்வதுதான். ஒருவர் திரையை விரலால் சுட்டி, கண்டதை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே முகமூடியைக் கழற்றலாம், உலை அறையைத் திறக்கலாம். அன்று சொல்லும் முறை என்னுடையது.

விரலை நீட்டினேன். "பூஜ்யம், சரி."

அரிமுராவும் விரலை நீட்டினார். "பூஜ்யம், சரி." முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திரையில் இருந்தது பூஜ்யம்தான். நான் ஒரு எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. இரண்டு வருடமாக என் உழைப்புக்கு வேறொரு பெயரை வாசித்தவர்கள் அவர்கள். நான் இருந்ததை இருந்தபடி வாசித்தேன். அந்த அறையில் அன்று பொய் சொல்லாதவள் நான் ஒருத்திதான்.

உலை அறைக் கதவின் பிடியில் கைவைத்தபடி அவர் திரும்பினார். "உடோன் நூடுல்ஸ் கடையில கூட்டமா இருக்கும். எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை."

"சரி" என்றேன். முடிவு காலையிலேயே எடுத்தாகிவிட்டது. எடுத்ததை நடுவில் மாற்றும் பழக்கம் எனக்கில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவருக்கும் சேர்த்து இடம் பிடிக்க வெளியே நடந்தேன்.