ஒத்தை ஷூ

— அதை வைங்க அண்ணி. அது தண்ணி உள்ள போகாத ஷூ.

— தண்ணி போகாட்டி நல்லதுதானேடி? சேத்து ஓட்டப் பந்தயத்துக்குப் போறோம், கல்யாணத்துக்கா போறோம்?

— நடுவுல இடுப்பளவு தண்ணியில இறங்கணும். மேல் வழியா உள்ள போயிடும். போனது திரும்பி வராது. அப்புறம் கால் ரெண்டுலயும் வாளியைக் கட்டிக்கிட்டு ஓடுற மாதிரிதான்.

— சொல்றேன் கேளுங்க, இந்தக் கடையிலயே உசத்தியான ஷூ அது.

— சேத்துக்கு அதெல்லாம் தெரியாது கடைக்காரரே. மேல வலை மாதிரி துணி இருக்கிறதைக் காட்டுங்க. தண்ணி ஒரு பக்கம் வந்தா மறுபக்கம் ஓடிடணும்.

— அவகிட்ட வாய் குடுக்காதீங்க கடைக்காரரே. என் நாத்தனாருக்கு இதுல ரொம்ப அனுபவம். மூணு வருஷம் விடாம தோத்திருக்கா.

— அண்ணி!

— பெருமையாத்தானேடி சொல்றேன்!

— சொல்றேன் கேளுங்க, மூணு தடவை தோத்துட்டு நாலாவது தடவைக்கு ஷூ வாங்க வர்றவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தா பாருங்க, வலைத்துணி. அடியில பல்லைப் பாருங்க, எவ்வளவு நெருக்கமா வச்சிருக்கான்!

— நெருக்கமா இருந்தா இடுக்குல சேறு அப்பிக்கும். அப்புறம் பல்லே இல்லாத மாதிரி வழுக்கும். தள்ளித் தள்ளி, ஆழமா இருக்கணும். காலை உதறினா கட்டி கட்டியா உதிரணும்.

— எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே! அப்புறம் எங்கதான் தோத்தீங்க?

— கடைசி சேத்துக்குழியில. சுவர் ஏறிடுவேன், கயிறு ஏறிடுவேன், கம்பிக்கு அடியில தவழ்ந்து வந்துடுவேன். அந்தக் குழி மட்டும் ஷூவை உருவிக்கிட்டு ஆளை விட்டுடும். அதுக்கப்புறம் பாதை பூரா சரளைக்கல்லு. வெறுங்காலோட விடமாட்டாங்க. விசில் ஊதி ஓரமா அனுப்பிடுவாங்க. அங்க நின்னு பார்த்தா மணி தெரியும்.

— என்ன மணி?

— ஓடி முடிக்கிறவங்க அடிக்கிற பித்தளை மணி. நானும் எங்கண்ணனும் சேர்ந்துதான் ஓடுவோம். முதல்ல எனக்குப் போகும், பின்னாலயே அவனுக்கும் போயிடும். ஆளுக்கு ஒத்தை ஷூவோட நொண்டிக்கிட்டு வருவோம். அவன் விலாவைப் பிடிச்சுக்கிட்டே வருவான், சிரிச்சு சிரிச்சு வலிக்குதும்பான். அடுத்த வருஷம் பார்த்தா அதே மாதிரி ஷூவே போட்டுக்கிட்டு நிப்பான். பிடிவாதக்காரன்.

— ஜாடிக்கேத்த மூடி! இந்த வருஷம் அண்ணனைக் கூட்டிட்டு வரலையா? அவருக்கும் ஒரு ஜோடி பார்த்திருக்கலாமே.

— அவரு இல்லீங்க. போன மழைக்கு முன்னாடியே போயிட்டாரு. நான் அவரு வீட்டுக்காரி.

— ஐயோ. தெரியாம கேட்டுட்டேன்மா.

— இருக்கட்டுங்க. அவரைப் பத்திப் பேசுறது எனக்குப் பிடிக்கும். இந்த வருஷம் அவரு இடத்துல நான் ஓடுறேன். எனக்கும் சேர்த்துதான் ஷூ. ஏன் அப்படிப் பார்க்கறீங்க? ஸ்கூல் வேன் ஓட்டுற கால் இது. ஓட்டை பிரேக்கை மிதிச்சு மிதிச்சு உரமேறின கால்.

— ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் அந்த மணிப் பேச்சுதான் கடைக்காரரே. 'நாம அடிக்கிற சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்டி வாத்து'ன்னான். பாவம், கேக்காமலே போயிட்டான். இந்த வருஷம் விடமாட்டேன்.

— வாத்தா?

— நான்தான். சப்பு சப்புன்னு நடப்பேனாம். சரி, அந்த வரிசையில ரெண்டாவது இருக்கே, அதை எடுங்க. ஏழாம் நம்பர்.

— காலை இந்தப் பலகையில வைங்க.

— எதுக்கு? என் சைஸ் எனக்குத் தெரியாதா? ஏழு.

— சொல்றேன் கேளுங்க, அளக்காம நான் யாருக்கும் ஷூ குடுத்ததில்லை. குதிகாலை நல்லா ஒட்டி வைங்க. எழுந்து நில்லுங்க. ம்ம். இன்னொரு கால்.

— என்ன, ஏழுதானே?

— ஆறு.

— பலகை தேஞ்சு போயிருக்கும்.

— பலகை தேயல. நீங்க ஆறு.

— சின்ன வயசுல இருந்து நான் ஏழு!

— அதெப்படிடி சின்ன வயசுல இருந்தே ஏழு?

— அதாவது அண்ணி... அப்பா எங்களுக்கு எப்பவும் ஒரு சைஸ் கூடத்தான் எடுப்பாரு. கால் வளரும், ஷூ வளராதும்பாரு. நுனியில பஞ்சைத் திணிச்சுக் குடுப்பாரு. காலும் வளர்ந்து ரொம்பிடும், அடுத்ததும் ஒண்ணு கூட. அப்படியே வந்து...

— வந்து?

— வளர்றது நின்னுடுச்சுன்னு யாரும் சொல்லல.

— அடிப்பாவி! இத்தனை வருஷமா படகு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கே!

— சிரிக்காதீங்க அண்ணி.

— நான் சிரிக்கல. கடைக்காரர்தான் சிரிக்கிறாரு.

— சொல்றேன் கேளுங்க, நான் சிரிக்கல. இருமல். இந்தாங்க, ஆறு. போட்டுப் பாருங்க.

— இறுக்குது.

— இறுக்கல. பிடிக்குது. விரலை ஆட்டுங்க, ஆடுதா? முன்னால கொஞ்சம் இடம் இருக்கா? குதிகாலைத் தூக்குங்க. பாருங்க, கூடவே வருது. இதுவரைக்கும் நீங்க போட்ட ஷூ உங்க கூட வரல, நீங்கதான் அதை இழுத்துக்கிட்டுப் போயிருக்கீங்க.

— அப்ப குழியைத் திட்டினது எல்லாம் வீணா? தப்பு என் கால்லயே இருந்திருக்கா?

— இப்பவாச்சும் தெரிஞ்சுதே, விடு.

— அண்ணனும் இதே தப்பைத்தானே பண்ணியிருப்பான் அண்ணி? அப்பா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் எடுப்பாரு. யாராவது ஒருத்தர் அவன் காலை அளந்திருந்தா...

— கடைக்காரரே, எனக்கு ஒரு ஜோடி காட்டுங்க. சிவப்பு இருந்தா சிவப்பு.

— பேச்சை ஏன் மாத்துறீங்க? ஏதோ சொல்ல வந்தீங்களே.

— மணியை அடி, சொல்றேன்.

— இப்பவே சொல்லுங்க.

— மணியை அடிச்சாத்தான். ஐயய்ய, சிவப்புன்னா இப்படியா சிவப்பு!

— சேறு பட்டா எல்லா நிறமும் ஒண்ணுதான்மா. சொல்றேன் கேளுங்க, இதைப் புதுசாவே போட்டுக்கிட்டு போட்டிக்குப் போயிடாதீங்க. ஈர மண்ணுல நாலு நாள் நடந்து பழகுங்க. லேஸை ரெண்டு முடிச்சாப் போட்டு நுனியை உள்ள செருகிடுங்க. பருத்தி சாக்ஸ் மட்டும் வேணவே வேணாம். தண்ணியைக் குடிச்சு தொங்கிப் போயிடும், ஷூக்குள்ள கால் வழுக்கும்.

— கேட்டீங்களா அண்ணி?

— கேட்டுச்சுடி, எனக்கென்ன காதா இல்ல?

— ஜெயிச்சா வந்து காட்டணும்.

— கழுவிட்டா, கழுவாமலா?

— கழுவாம! கடை வாசல்ல மாட்டி வைக்கிறேன்.

*

— இதான் அண்ணி அந்தக் குழி.

— இதுவா? ஐயோடா. ஊரையே கரைச்சு ஊத்தி வச்சிருக்காங்களேடி! சுவர்லயே பாதி உசிர் போயிடுச்சு, மீதியை இங்க கேக்கறாங்களா?

— மூச்சை நிதானமா விடுங்க. சின்ன சின்ன அடியா வைங்க. நின்னீங்கன்னா உள்ள இழுக்கும்.

— அட, ஒத்தை ஷூ! வந்தாச்சா இந்த வருஷமும்? விசிலைத் துடைச்சு வச்சிருக்கேன்மா.

— யாருடி அது, கரையில நின்னுக்கிட்டு நக்கல் பண்றது?

— அவர்தான் விசில்காரர். கண்டுக்காதீங்க. நான் இறங்குறேன். வந்துட்டீங்களா பின்னால?

— வந்துட்டேன், வந்துட்டேன். ஐயய்ய, என்னடி இது, காலை யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு!

— அண்ணி.

— என்னடி? போச்சா?

— வருது. கால் வருது. ஷூவோட வருது! அண்ணி, ஷூ கூடவே வருது! யோவ் விசில்காரரே, பாத்தீங்களா? பாதிக் குழி தாண்டிட்டேன், ரெண்டும் கால்ல இருக்கு!

— பார்த்தேன்மா, பார்த்தேன். சந்தோஷம். பின்னால வர்ற அம்மாதான் ஏன் நின்னுட்டாங்க?

— அண்ணி? ஏன் அங்கயே நிக்கிறீங்க?

— நீ போ.

— என்ன ஆச்சு?

— என்னுது உள்ள போயிடுச்சுடி. கால் மட்டும் வழுக்கி வந்துடுச்சு.

— எப்படிப் போகும்? கடைக்காரர் அளந்துதானே குடுத்தாரு. காலைத் தூக்குங்க. அது... அது என்ன சாக்ஸ்?

— உங்கண்ணனோடது.

— பருத்தியா?

— ம்.

— அவ்வளவு தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே அண்ணி!

— தெரியும்டி. இந்த ஓட்டத்துல அவரோடது ஏதாவது ஒண்ணு என் கால்ல இருக்கட்டும்னு நினைச்சேன். விடு. நீ போய் மணியை அடி. இங்கேயிருந்தே கேட்டுக்கறேன்.

— உங்களைச் சேத்துல விட்டுட்டா? நல்லா இருக்கே. நானும் ஒண்ணைக் கழட்டிடறேன். எனக்கும் போச்சுன்னு சொன்னா யாருக்குத் தெரியப் போகுது? ரெண்டு பேரும் சேர்ந்தே வெளிய போயிடலாம்.

— கை வச்சே, தொலைச்சுப்புடுவேன்! லேஸைத் தொடாத! வேற என்ன வேணா பண்ணு, அதை மட்டும் பண்ணாதடி!

— எதுக்கு இப்படிக் கத்தறீங்க?

— மணியை அடிச்சதும் சொல்றேன்னு சொன்னேன் இல்ல? போ!

— சரி, கழட்டல. போகவும் மாட்டேன். என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. எந்தக் கால்? இந்த இடம்தானே?

— ஏம்மா, ஊதட்டுமா? அந்த அம்மா ஷூ போச்சு போல.

— ஊதாதீங்க! தொலைஞ்சாத்தானே ஊதணும்? தொலையல. உள்ள இருக்கு.

— சட்டம் பேசறியே!

— மூணு வருஷமா இந்தக் கரையில நின்னு படிச்ச சட்டம். அண்ணி, நல்லா அழுத்திப் பிடிங்க. நான் சாயமாட்டேன். இந்த ஷூ வேர் விட்ட மாதிரி நிக்குது.

— அடியே, முகத்தை உள்ள விடாதடி!

— கல்லு... இது யாரோ விட்டுட்டுப் போன ஷூ, கல்லு மாதிரி ஆகிடுச்சு... இருங்க. லேஸ். லேஸ் மாட்டிக்கிச்சு! இழுங்க என்னை, இழுங்க!

— வந்துடு... வந்துடுடி... ஐயோ, சிவப்பு! என் சிவப்பு!

— எங்க சிவப்பு தெரியுது? சரி, சாக்ஸைக் கழட்டுங்க. வெறுங்கால்ல போட்டு இறுக்கிக் கட்டுங்க.

— சாக்ஸை என்னடி பண்றது? சேத்துல எறிய மாட்டேன்.

— யாரு எறியச் சொன்னா? என்கிட்ட குடுங்க. மணி வரைக்கும் நான் கொண்டுவரேன்.

*

— அடி.

— நீங்க முதல்ல.

— சாக்ஸ் யார்கிட்ட இருக்கு? நீதான் முதல்ல. கயிறை இழுடி வாத்து!

— அண்ணி, கேட்டுச்சா?

— அவருக்கும் கேட்டிருக்கும். அடி, இன்னும் அடி!

— போதும்மா ஒத்தை ஷூ, மணி கழண்டு விழுந்துடப் போகுது! பின்னால ஆளுங்க வராங்க.

— இனிமே அந்தப் பேர் கிடையாது விசில்காரரே. எண்ணிப் பாருங்க, ரெண்டு இருக்கு. அண்ணி, நீங்க அடிங்க. ரெண்டு கையாலயும்!

— அடிச்சுட்டேன். அடிச்சுட்டேன்டி! இங்க உக்காரு, இந்தப் புல்லுல.

— அழறீங்களா சிரிக்கிறீங்களா? சேத்துல ஒண்ணும் தெரியல.

— எனக்கே தெரியல.

— அண்ணன் பாவம் அண்ணி. அவனையும் ஒரு தடவை அந்தப் பலகையில நிக்க வச்சிருந்தா, அவனும் அடிச்சிருப்பான்.

— அவரு காலை நான் அளந்திருக்கேன். கல்யாணம் ஆனதுல இருந்து அவருக்கு ஷூ எடுக்கிறது நான்தான். சரியான சைஸ்லதான் எடுப்பேன்.

— அப்புறம் ஏன் அந்தக் குழியில போச்சு?

— நீ ஓரத்துல ஒத்தை ஷூவோட அழுதுக்கிட்டு நிப்பே இல்ல, அவரு வந்து என்ன சொல்வாரு?

— 'எனக்கும் போச்சுடி வாத்து, வா போலாம்'பான்.

— எப்படி நடந்து வருவாரு?

— விலாவைப் பிடிச்சுக்கிட்டு... பனியனுக்கு மேல ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு... அண்ணி?

— மூணு வருஷமும் அவரோட ரெண்டு ஷூவையும் கழுவிக் காயப்போட்டது நான்தான்டி.