முன்சக்கரத்தடியில் சுத்தமான தரை

தரையில் ஒரு சொட்டுக் கறை இருந்தாலும் எனக்கு இருப்புக்கொள்ளாது. பிறவிக் குணம். நீங்கள் உள்ளே வந்தபோதுகூட முதலில் உங்கள் பூட்ஸைத்தான் பார்த்தேன். தப்பாக நினைக்காதீர்கள், ஐயா. உட்காருங்கள், சொல்கிறேன். அந்த மெக்கானிக்கை ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரை விட்டுவிடுங்கள். பிள்ளைகுட்டிக்காரர். அவர் மேல் தப்பில்லை.

என் தங்கை புருஷன் அந்த பைக்கை வாங்கி வந்த அன்று தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. மேடு பள்ளம், கல் மண் பாராமல் ஊர் சுற்றுவதற்கென்றே செய்த வண்டியாம். யாரோ ஓட்டித் தேய்த்ததை இவர் வாங்கியிருந்தார். இரண்டு பக்கமும் நசுங்கிய தகரப் பெட்டிகள், பாதி உரிந்த ஸ்டிக்கர்கள், முன்னால் கொக்கு மூக்கு மாதிரி ஒன்று. உயரமோ உயரம். எங்கள் மாப்பிள்ளையோ, சும்மா சொல்லக்கூடாது, நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரே அளவு. ஏறி உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சரிந்து, பூமியைக் கட்டைவிரல் நுனியால் தொட்டுக்கொண்டு சிரித்தார்.

"ஏணியும் சேத்துக் குடுத்தாங்களா தம்பி?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

நுனிக்கால் துரை என்று பெயர் வைத்தது நான்தான். பொழுது சாய்வதற்குள் தெருமுனை வரை போய்விட்டது. நான் வைத்த பெயர் எதுவும் வீண்போனதில்லை.

"உங்க உயரத்துக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்த ஒட்டகம்?" என்று நானும் கேட்டேன்.

"பழகிடும்க்கா" என்றார்.

என் தங்கை அவர் தலைக்கு மேலாகவே கையை நீட்டி வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஜோடியைப் பார்த்துத் தெரு கல்யாணத்தன்றே சிரித்து முடித்திருந்தது. "எனக்கு இதெல்லாம் ஆவாதுக்கா. பாத்தாலே பயமா இருக்கு. நான் இதுல ஏறவே மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் நான் நம்புவேன். அம்மா போனபின் அவளைத் தலைவாரி வளர்த்தவள் நான். எனக்கென்று ஒருவன் வந்தபோதும், இவளை யார் பார்ப்பது என்று அவனைத் திருப்பி அனுப்பினேன். இதை நான் சொல்லிக்காட்டியதே இல்லை. அவளுக்கே தெரியும்.

மெக்கானிக் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று எழுதாதீர்கள், ஜன்னல் திறந்திருந்தது. "பழைய வண்டி வாயால சொல்லாது சார், தரையில சொல்லும்" என்றார். "தினம் எடுக்கறதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு பாருங்க. நடுவுல சொட்டினா இன்ஜின் ஆயில், பயப்பட வேணாம். முன்சக்கரத்துக்கிட்ட சொட்டினா பிரேக் ஆயில். வண்டியைத் தொடாம எனக்கு போன் போடுங்க. ஹேண்டில்ல இருக்கிற பிரேக் டப்பா கண்ணாடி பழுப்பேறிக் கெடக்கு, உள்ள அளவே தெரியல. பார்ட்டு வர்ற வரைக்கும் தரைய நம்புங்க."

மாப்பிள்ளையும் நம்பினார். சொல்பேச்சுக் கேட்கிற மனிதர்.

அப்புறம் ஒருநாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மழை வரும்போலிருக்கு என்பது மாதிரி சொன்னார்: "தூரத்துல வேலை கெடைச்சிருக்குக்கா. நான் முதல்ல பைக்ல போய் வீடு பாத்துட்டு வரேன். அப்புறம் மாடியைக் காலி பண்ணிக்கறோம்."

தங்கை என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தாள். "நல்லது மாப்பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் விடிந்ததும் வாசல் பெருக்கப் போனால், முன்சக்கரத்தடியில் ஒரு சொட்டு, வெளிர் மஞ்சளாக. துடைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. திருகைத் தளர்த்தவில்லை, குழாயை அறுக்கவில்லை. என் வீட்டு வாசல், என் துணி. பிரேக் ஆயிலுக்கு ஒரு நல்ல குணம், தண்ணீர் பட்டால் போய்விடும். இன்ஜின் ஆயில் மாதிரி அடம் பிடிக்காது. அதன்பின் விடியலில் சொட்டு விழுந்திருந்த போதெல்லாம் துடைத்தேன். அவர் இறங்கி வந்து, குனிந்து பார்த்து, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி சீட்டைத் தட்டிவிட்டு ஏறுவார்.

கை கால் ஒடிந்து வீட்டோடு கிடந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேலும் நினைத்ததுண்டு. நினைப்புக்கு யார் பூட்டுப் போட முடியும்?

ஒருநாள் அவரே கேட்டார். "பிரேக் பிடிச்சா பஞ்சை அமுக்கற மாதிரி இருக்குக்கா. போன் போட்டுப் பாக்கட்டுமா?"

"பழசுன்னா அப்படித்தான் இருக்கும் மாப்பிள்ளை. தரையப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றேன்.

பார்த்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நாட்களில் என் தங்கை அடிக்கடி மார்க்கெட்டுக்குப் போனாள். பையோடு போவாள், அவள் தலை மறைந்து சற்று நேரத்தில் அவர் வண்டியை எடுப்பார். அவள் வெறும் பையோடு திரும்புவாள். "ஒண்ணும் நல்லா இல்லக்கா" என்பாள். எதிர்வீட்டுக் குழம்பில் உப்புக் குறைந்தால் இங்கிருந்தே சொல்லிவிடுகிற எனக்கு, சொந்த வீட்டு வெறும்பை உறைக்கவில்லை.

அன்று இஸ்திரிக்காரர்தான் ஓடிவந்தார். பாலத்துச் சரிவில், லாரி திரும்புகிற இடத்தில், பைக் நிற்கவே இல்லையாம். என் நெஞ்சு இரண்டு நொடி லேசானது. பொய் சொல்ல மாட்டேன்.

"நுனிக்கால் துரைதானே?" என்றேன்.

"இல்லம்மா. ஓட்டினது உங்க தங்கச்சி."

மாப்பிள்ளை பாலத்துக்கு இந்தப் பக்கம் மைதானத்து ஓரத்தில், அவளுடைய மார்க்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அங்கேதான் தினமும் கற்றுக்கொடுத்தாராம். "அவளுக்காகத்தான்க்கா வாங்கினேன். அதுல உக்காந்தா அவ காலுக்குத்தான் தரை எட்டும்" என்று அழுதார். "தினம் தரையைப் பாத்தேன்க்கா. ஒரு சொட்டுகூட இல்லையே" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மேலே போனால் நீங்களும் கேட்கலாம்.

விஷயம் தெருவுக்கே தெரிந்திருக்கிறது, ஐயா. காய்கறிக்காரிக்கு, பால்காரருக்கு, இஸ்திரிக்காரருக்கு. "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று அவள் எல்லார் வாயையும் கட்டியிருக்கிறாள். இந்தத் தெருவில் ஒரு ரகசியம் நின்றது அது ஒன்றுதான்.

துணி கொல்லையில் கொடியில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்துத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கொன்றது அந்த அழுத்தக்காரத்தனம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் ஓட்டுகிற நாட்களில் நான் துடைத்திருக்கவே மாட்டேன்.