மூன்றாவது எண்ணிக்கை

நாற்காலியைக் கொஞ்சம் சுவரோரமாக நகர்த்திக்கொள்ளலாமா, சார்? முதுகு பிடித்துக்கொள்கிறது. பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் சேர்த்த சொத்து இது ஒன்றுதான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் சலைனும் போகின்றன. ஆர்டர் வந்ததும் எந்த ரேக்கிலிருந்து எத்தனை பெட்டி எடுப்பது என்று சாப்ட்வேரே ஒதுக்கிவிடும். சில சமயம் ஒதுக்காது. சாமான் கண்ணெதிரே குவிந்து கிடக்கும், திரை கையை விரித்துவிடும். யாராவது காலாவதித் தேதியைத் தப்பாக அடித்திருப்பார்கள். பெட்டிக் கணக்கில் போட வேண்டியதை பாட்டில் கணக்கில் போட்டிருப்பார்கள். பரிசோதனைக்கென்று நிறுத்திவைத்த சரக்கை விடுவிக்க மறந்திருப்பார்கள். வாசலில் லாரி நிற்கும், மேனேஜர் என் கண்ணாடி அறைக்கு ஓடி வருவார். நான் பத்து நிமிஷத்தில் சரிசெய்வேன். "நீங்க இல்லேன்னா இந்தக் கிடங்கே நின்னுடும்" என்பார்.

போன வருஷம் சாப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்தது. கோளாறு அடியோடு குறைந்துவிட்டது. வாரக்கணக்கில் என் அறைக்கு யாரும் வரவில்லை. ஒரு நாள் பாதி அறையில் காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். என்னைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நானே சில சரக்குகளை நிறுத்திவைக்க ஆரம்பித்தேன். நானே முடிச்சுப் போடுவேன், நானே அவிழ்ப்பேன். யாருக்கும் பாதகமில்லை. ஒரே ஒரு தடவை, அவிழ்க்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு ஆஸ்பத்திரிக்கு மருந்து ஒரு நாள் தாமதமாகப் போனது. அங்கே என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

மாப்பிள்ளை விசாரித்தார்.

என் தங்கை புருஷனைத்தான் சொல்கிறேன். வேலையில்லாமல் இருந்தவரை நான்தான் கிடங்கில் சேர்த்துவிட்டேன். மூன்றே வருஷத்தில் மதிய ஷிப்டுக்கு சூப்பர்வைசர் ஆகிவிட்டார். கெட்டிக்காரர். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். சரக்கு நின்ற நாளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் யார் நிறுத்தியது என்று பதிவில் தேடிப் பார்த்திருக்கிறார். ஒரு புதன்கிழமை என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, அந்தத் தாளை மேஜைமேல் வைத்தார்.

"மச்சான், இது என்னன்னு நான் கேக்கல. கேட்டா எனக்குத்தான் சங்கடம். அந்த ஆஸ்பத்திரியில ஒரு உசிரு போயிருக்கு. சனிக்கிழமைக்குள்ள நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. நான் போய்ச் சொன்னா நல்லாருக்காது."

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. நீங்களே சொல்லுங்க, அதான் மரியாதை."

அதட்டவில்லை. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பராமரிப்புக்காரர் வந்தார். போர்க்லிப்ட் இடித்து, கடைசி வரிசையில் ஒரு ரேக்கின் பின்கால் வளைந்துவிட்டது என்றார். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. "குறுக்கே எச்சரிக்கை நாடா கட்டியிருக்கேன். நீங்க கம்ப்யூட்டர்லயும் பூட்டிடுங்க. நாளைக்கு ஆளு வந்து மாத்துவாங்க, அதுவரைக்கும் அந்தப் பக்கம் ஒருத்தரையும் விடாதீங்க." நான் பூட்டினேன். அவர் காலை ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மதியம் ஒரு சலைன் ஆர்டர் வந்து ஒதுக்கீடு ஆகாமல் நின்றது. பூட்டிய ரேக்கில்தான் சரக்கு. மேனேஜர் ஓடி வந்தார். "நாலு மணிக்கு லாரி கிளம்பணும். எதையாவது பண்ணுங்க." நான் பூட்டை எடுத்தேன். மேலே கேட்டால் அவர் சொல்லித்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டாம் என்று இந்த போலீஸ் ஸ்டேஷனுக்குள் வந்தபோதே முடிவுசெய்துவிட்டேன். ஏனென்றால் அதே சலைன் நடு வரிசையிலும் இருந்தது. பராமரிப்புக்காரர் போன கையோடு அதை நிறுத்திவைத்தவன் நான்தான்.

ஷிப்டு மாறுகிற கால் மணி நேரம் கடைசி வரிசையில் ஆள் இருக்க மாட்டார்கள். அப்போது போய் நாடாவை அவிழ்த்துச் சுருட்டி, பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். பிறகு அறைக்கு வந்து, அந்த ரேக்கின் கீழ்த்தட்டைச் சரிபார்த்து எண்ணும் வேலையை மாப்பிள்ளையின் கையிலிருக்கும் ஸ்கேனர் கருவிக்கு அனுப்பினேன்.

ரேக் விழும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. விழலாம் என்று மட்டும் தெரியும். இந்த வித்தியாசத்தை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை எண்ணிவிட்டு வந்துவிட்டார். நாற்பத்தெட்டுப் பெட்டி. சரியான கணக்கு. நான் கம்ப்யூட்டரில் அதை ஐம்பது என்று மாற்றினேன். கணக்கு இடித்தால் ஒதுக்கீடு நின்றுவிடும், மறுபடி எண்ணித்தான் ஆக வேண்டும். இரண்டாம் தடவையும் போய்த் திரும்பி வந்தார். விசைப்பலகையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

போர்க்லிப்ட் ஓட்டுபவருக்கு அதே ரேக்கின் மேல்தட்டில் நான்கு மரப்பலகை நிறையச் சலைன் பெட்டிகளை ஏற்றும் வேலை கொடுத்தேன். ஏற்றி முடித்ததாகத் திரையில் வந்தது. ரேக் அப்போதும் நின்றது. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகும் வரை காத்திருந்தேன். அவருக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை. பிறகு மாப்பிள்ளைக்கு மூன்றாம் தடவை அனுப்பினேன்.

அவர் போனில் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டுதான் பேசினார்.

"மச்சான், உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி போடணும் போலிருக்கு. நாப்பத்தெட்டுதான் இருக்கு, ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"பின்வரிசையில ரெண்டு பெட்டி ஒளிஞ்சிருக்கும், மாப்பிள்ளை. உள்ள கையை விட்டு, முன்பெட்டியைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க."

"சரி, இருங்க. லைன்லயே இருங்க."

இருந்தேன். பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு" என்று அவர் எண்ணுவது கேட்டது. பதினேழு வரை எண்ணினார்.

எல்லோரும் கடைசி வரிசைக்கு ஓடினார்கள். நான் முதலில் ஐம்பதை நாற்பத்தெட்டாகத் திருத்தினேன், நடு வரிசைச் சரக்கை விடுவித்தேன், ஆர்டர் ஒதுக்கீடு ஆகிவிட்டதா என்று பார்த்தேன். ஆகியிருந்தது. அதன் பிறகுதான் ஓடினேன். பதிவில் இருப்பதையெல்லாம் அழிக்க எனக்குத் தெரியும். அழிக்கவில்லை. ஒழுங்காகச் செய்த வேலையை அழிக்க மனசு வரவில்லை.

தங்கைக்கு நான்தான் போய்ச் சொன்னேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு யாரு இருக்கா, அண்ணா" என்று அழுதாள். நான் இருக்கிறேன் என்று சொன்னேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? கொஞ்சம் சீக்கிரம் முடித்து என்னை அனுப்பிவிடுங்கள், சார். அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள். இந்த நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?