பிள்ளைகளுக்கான அளவு

உங்கள் நாற்காலி ஆடுகிறது. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வையுங்கள், சரியாகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்த வேலையும் ஏறக்குறைய இதுதான். மெஷினுக்குள் படுத்திருக்கிறவர் ஆடாமல் பார்த்துக்கொள்வது. ஆடினால் படம் கெட்டுவிடும், கெட்ட படம் எனக்குப் பிடிக்காது.

ஸ்கேன் சென்டரில் நான் தலைமை டெக்னீஷியன். அங்கே வருகிறவர்களைப் பற்றி விசாரணைக் குழுவில் நீங்கள் உருகிப் பேசுகிறீர்கள். எனக்கு அவர்கள் மேல் இளக்காரம்தான், மறைப்பானேன். தலைவலி என்று போகிறவனிடம் டாக்டர் 'நல்லா தூங்குங்க' என்று சொன்னால் முகம் தொங்கிப்போகிறது. ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் மலர்ந்துவிடுகிறது. "எதுக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமே சார்" என்று வந்து நிற்பான். போன மாசம்தானே எடுத்தீர்கள் என்றால், "அது வேற ஆஸ்பத்திரி" என்பான். உடம்பும் வேறு என்று நினைப்பு போலிருக்கிறது. கடையில் தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்குகிற ஜனங்கள் இவர்கள். உடம்புக்குள் எவ்வளவு எக்ஸ்ரே கதிர் போகிறது என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எங்கள் சட்டையில் கதிரை அளக்கிற ஒரு பட்டை குத்தியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஆய்வுக்குப் போய், யார் மேல் எவ்வளவு பட்டது என்று பதிவாகி வரும். ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்கு ஆயுசு முழுக்க அந்தப் பதிவு உண்டு. அந்தப் பக்கம் படுத்திருக்கிறவர் மேல் எவ்வளவு பட்டது என்று யாரும் சேர்த்து வைப்பதில்லை. இந்தக் கூத்தை நான் ஆரம்பித்து வைக்கவில்லை.

நான் தொழில் பழகியது எக்ஸ்ரே பிலிம் காலத்தில். அப்போது கதிர் கூடிப்போனால் படம் கறுத்துவிடும். கையும் களவுமாக மாட்டிக்கொள்வோம். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தப் பயம் போயிற்று. கூட்டக் கூட்டப் படம் அழகாகிறது. குறைத்தால்தான் மணல் தூவினது மாதிரி புள்ளி புள்ளியாக வரும். எங்கள் பெரிய டாக்டருக்குப் புள்ளி ஆகாது. "என்னய்யா, படத்துல மழை பெய்யுது?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார். வார்டு ஆயா வரைக்கும் சிரித்தார்கள். இனி என் கையால் மழை பெய்யாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மெஷினில் பிள்ளைகளுக்கென்று தனி அளவு இருக்கிறது, பெரியவர்களுக்குக் கொடுப்பதில் பாதிக்கும் குறைவு. அதில் படம் கொஞ்சம் மங்கும். அந்த அளவைப் பூட்டி வைத்தேன். பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் எவ்வளவு கதிர் கொடுத்தேன் என்று மெஷினே ஒரு பக்கம் போட்டுக் காட்டும். அந்தப் பக்கத்தையும் டாக்டர்களுக்குப் போகாமல் நிறுத்தினேன். நாலு வருஷம். ஒரு டாக்டர்கூட அது எங்கே என்று தேடவில்லை. இத்தனைக்கும் பெயருக்குப் பின்னால் பட்டம் எழுதவே ஒரு வரி பிடிக்கிறவர்கள்.

தேடினவள் ஒருத்திதான். மாலை ஷிப்டுக்கு வருகிற டெக்னீஷியன், உங்களுக்குப் புகார் எழுதின புண்ணியவதி. "சார், அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு சார் பெரியவங்க அளவு? அது இன்னும் எத்தனை வருஷம் வாழணும்" என்றாள்.

"படம் மங்குனா டாக்டர்கிட்ட நீ வந்து பதில் சொல்றியா?" என்றேன்.

 அன்றிலிருந்து அவள் ஒரு நோட்டில் தேதியும் அளவும் குறித்துக்கொண்டே வந்திருக்கிறாள். அந்த நோட்டுதானே உங்கள் முன்னால் இருப்பது. கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தாலும், எண்கள் சரியானவை.

அதில் அதிகமாக வருகிறவள் ரெட்டைப் பின்னல் போட்ட அந்தச் சின்னப் பெண். முதல் தடவை வரும்போது மூன்று வயது. மூளையில் நீர் கோத்துக்கொண்டு, அதை வடிக்க உள்ளே குழாய் வைத்திருந்தார்கள். வாந்தி எடுத்தாலும், தலை வலிக்கிறது என்றாலும், குழாய் அடைத்துவிட்டதா என்று பார்க்க எங்களிடம் அனுப்பிவிடுவார்கள். நாலு வருஷத்தில் பத்தொன்பது தடவை. என்னைப் படக்கார மாமா என்பாள். மற்றப் பிள்ளைகள் அலறிக் கட்டிலை விட்டுக் குதிக்கும். இவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கட்டை மாதிரி கிடப்பாள். வெளியே வந்ததும் ஒரே கேள்வி. "அசையாம இருந்தேனா மாமா?" அவளை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய அம்மா ஒரு தடவை கேட்டாள். ஆமாம், யாருமே கேட்கவில்லை என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன், இவள் கேட்டாள். "இத்தனை தடவ எடுக்கிறோமே சார், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றாள். "போட்டோ எடுக்கிற மாதிரிதாம்மா" என்றேன். கேட்டதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் வெளியே வரிசை தெருவுக்குப் போய்விடும்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்கிறீர்கள். பத்தொன்பதில் எது செய்தது, இல்லை எதுவுமே செய்யவில்லையா, அதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிற பேராசிரியராலும் முடியாது. அந்தத் தலைக்குள் போனதில் பாதிக்கு மேல் போயிருக்கவே வேண்டாம், அது மட்டும் நிச்சயம். அதை நான் மறுக்கவில்லை. தெளிவு வேண்டும் என்றார்கள், கொடுத்தேன்.

அடுத்தது அந்தத் தாள். மெஷின் தனக்குள்ளே எழுதி வைத்திருக்கிற பதிவு. பிள்ளைகளுக்கான அளவு நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை திறக்கப்பட்டிருக்கிறது, யாருக்காக என்றுதானே கேட்கிறீர்கள்.

என் மகளுக்காக. ஆறு வயது. மாடிப்படியில் உருண்டுவிட்டாள். பின்மண்டையில் இவ்வளவு வீக்கம். ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டுமா, இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாமா என்று பெரிய டாக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். "உனக்கே சொல்லணுமாய்யா?" என்று எரிந்து விழுந்தார். பாஸ்வேர்டைப் போடும்போது ஒரு தடவை தப்பாகிவிட்டது. மாலை ஷிப்டுக்காரி எனக்குப் பின்னால்தான் நின்றாள்.  கதிர் அளவுப் பக்கத்தை அன்றைக்கு நிறுத்தவில்லை. அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மகளுடைய பிறப்புச் சான்றிதழோடு பத்திரமாக வைத்தேன்.

பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார். "எல்லாம் சுத்தமா இருக்குய்யா, பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ" என்றார். மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை ரெட்டைப் பின்னல் வந்தாள். அது பதினொன்றாவது தடவை. பூட்டைத் திறக்க எனக்கு நாலு விநாடி போதும். பெரியவர்கள் அளவிலேயே எடுத்தேன். வெளியே வந்து, கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "அசையாம இருந்தேனா மாமா?" என்று கேட்டாள்.

"இருந்தேடா கண்ணு" என்றேன். உண்மையும் அதுதான். நான் பிள்ளைகளிடம் பொய் சொல்வதில்லை.